பந்து இல்லாத நேரத்தில் என்னைப் பார்த்தவருக்கு

அன்புள்ள சார்,

மெல்பர்னிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஆகஸ்டுக் குளிர். சனிக்கிழமை காலையில் மகளை ஆட்டத்துக்குக் கூட்டிப்போனால், திடலோரம் நிற்கும் அப்பா அம்மாக்கள் வாயிலிருந்தெல்லாம் புகை வருகிறது. போர்வையைச் சுற்றிக்கொண்டு விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு இறங்கும் நம் தோட்டத்துச் சனங்கள் அப்போது என் கண்முன் வந்து நிற்கிறார்கள். அந்தக் குளிரையும் உங்களையும் பிரித்து நினைக்க எனக்கு வராது.

இதை நேரில் சொல்ல இரண்டு முறை முயன்றேன். தானா ராத்தா பஸ் நிலையத்தில் ஒரு முறை, தங்கை கல்யாணத்தில் ஒரு முறை. இரண்டு தடவையும் "அம்மா மருந்த ஒழுங்கா சாப்பிடுறாங்களா?" என்று கேட்டுப் பேச்சைத் திருப்பிவிட்டீர்கள். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. எங்கோ ஒரு திடலில், "இவன் தேறமாட்டான்" என்று ஒரு பையனைப் பற்றி இன்றைக்கு முடிவெடுக்கப்போகிற யாராவது ஒருவர் கைக்கு இது போய்ச் சேரட்டும்.

நம் திடலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், படிப்பவர்களுக்காக. திடல் என்றதும் வெளியூர்க்காரர்கள் சமதரையை நினைப்பார்கள். நம்முடையது மலேசியாவில், கேமரன் மலையின் தேயிலைச் சரிவை வெட்டி எடுத்த திட்டு. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துப் பக்கம் மேடு, ஓடைப் பக்கம் பள்ளம். மேட்டுக் கோல், பள்ளத்துக் கோல் என்றுதான் நாங்கள் சொல்வோம். பந்து கோட்டைத் தாண்டினால் நேரே தேயிலைச் செடிக்குள் போகும். அதை எடுத்துவருகிறவன் முழங்கையெல்லாம் கீறலோடு திரும்புவான். நாலு மணிக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டால் ஒரு கோலிலிருந்து பார்ப்பவனுக்கு மறு கோல் தெரியாது. விசில் சத்தத்தையும் ஆட்களின் கூச்சலையும் வைத்தே பந்து எங்கே இருக்கிறதென்று தெரிந்துகொள்ள வேண்டும்.

1988. எனக்குப் பதினைந்து வயது. நாடே சூப்பர்மொக் என்று கொண்டாடிய கால்பந்தாட்டக்காரர் மொக்தார் டஹாரி போல ஆக வேண்டும் என்பதுதான் எங்கள் லயத்துப் பையன்கள் எல்லோருக்கும் ஆசை. உயரமாக இருந்தேன், கால் பலம் இருந்தது. மேடு பள்ளம் ஏறி இறங்கி வளர்ந்த எந்தத் தோட்டத்துப் பிள்ளைக்கும் அது இருக்கும். அதனால் பத்தாம் நம்பர் சட்டை எனக்கு வந்தது. ஏழு ஆட்டம் ஆடினேன். ஒரு கோல்கூட விழவில்லை. கோலுக்கு முன்னால் பந்து காலுக்கு வரும், முதுகுக்குப் பின்னால் ஒருவன் வந்து நிற்பான், அவ்வளவுதான், எனக்குக் கை கால் ஓடாது. திரும்புவதற்குள் பந்து போயிருக்கும். ஏழாவது ஆட்டத்துக்குப் பிறகு சின்னப் பிள்ளைகள்கூட என்னைக் கேலி செய்தன. என்னை எடுத்துவிட்டு வேறு ஒருவனைப் போடச் சொல்லி, தோட்டத்து இளைஞர்கள் பயிற்சியாளரான உங்களிடம் வந்து பேசியது எனக்குத் தெரியும். லயத்துச் சுவருக்குக் காது உண்டு.

நீங்கள் என்னை எடுக்கவில்லை. அதைவிட முக்கியம், என்னைத் திருத்தவும் முயலவில்லை. கூடுதலாகப் பயிற்சி கொடுத்து, நூறு தடவை கோலுக்கு உதைக்க வைத்து, என்னைக் களைக்க வைத்திருக்கலாம். பலரும் அதைத்தான் செய்வார்கள். நீங்கள் தேயிலை ஆலைக் கூரைக்கடியில் ஓரமாக உட்கார்ந்து ஒரு 555 புத்தகத்தில் எதையோ குறித்துக்கொண்டிருந்தீர்கள். மளிகைக் கடையில் கடன் எழுதுகிற அதே சின்னப் புத்தகம். மூன்று வாரம். பந்து இருக்கும் பக்கம் நீங்கள் பார்க்கவே இல்லை என்பதை நான் கவனித்தேன். என்னை மட்டுமல்ல, பதினோரு பேரையும் பந்து இல்லாத நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டீர்கள்.

"டேய், பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது நீ எங்கடா பாக்குற?"

"தெரியல சார்."

"எனக்குத் தெரியும். பின்னால பாக்குற. நம்ம பேக்கு எங்க நிக்கிறான்னு பாக்குற. அவன் தப்பா நின்னா இங்கிருந்து கத்துற. நீ கத்துற இடத்துலதான் அடுத்து பந்து வருது."

எனக்கு அப்போது புரியவில்லை. அடுத்த ஆட்டத்தில் நீ ஸ்டாப்பர் என்றீர்கள். அன்று ராத்திரி அழுதேன். வெளியாட்களுக்கு அந்த அழுகையின் காரணம் புரியாமல் போகலாம். நம் தோட்டத்தில் ஆடத் தெரியாதவனைத்தான் பின்னால் போடுவார்கள். குண்டாக இருப்பவன், மெதுவாக ஓடுபவன், அண்ணன் ஆடுவதால் கூடவே சேர்க்கப்பட்ட தம்பி, இவர்கள் எல்லாம் பேக்கு. பத்தாம் நம்பரிலிருந்து ஐந்தாம் நம்பருக்கு வருவது என்றால் பெரட்டில் பெயரை அடித்துவிட்ட மாதிரி.

அதை நீங்கள் புரிந்துகொண்டீர்கள். மறுநாள் சாயங்காலமே லயத்துக்கு வந்தீர்கள். அப்பா கவாத்துக் கும்பலில் வெட்டிவிட்டு அப்போதுதான் வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். நீங்கள் அவரிடம் பேசவில்லை. அம்மாவிடம் பேசினீர்கள். "அக்கா, கத்தரி வந்தப்ப உங்களுக்கு என்ன ஆச்சுன்னு இவன்கிட்ட சொல்லுங்க" என்றீர்கள்.

அம்மா கையால் கொழுந்து கிள்ளுவதில் கெட்டிக்காரி. ரெண்டு இலை ஒரு மொட்டு, காம்பு நீளாமல், முற்றின இலை சேராமல். விரல் பார்க்கிற வேலை அது, கண்கூடத் தேவையில்லை என்பார். கொழுந்து வெட்டும் கத்தரி வந்ததும் தடுமாறினார். அதன் கனம் மணிக்கட்டைப் பிடித்தது. நிறுவை நேரத்தில் அவர் மூட்டைதான் இலேசாக இருக்கும். இரண்டு மாதம் அப்படி ஓடியது. பிறகு மேற்பார்வை பார்க்கும் ஒரு மண்டோர், அம்மாவின் மூட்டை இலேசாக இருந்தாலும் அதில் கழிவு இலை இல்லை என்பதைக் கவனித்திருக்கிறார். அம்மாவை ஆலைக்கு அனுப்பினார்கள். வாட்டி, சுருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தி வருகிற தேயிலையைத் தரம் பிரித்துச் சலிக்கும் இடம். ஓய்வு பெறும்வரை அம்மா அங்கேதான் இருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அன்று அம்மா சொன்ன ஒரு வரி புதிது. "காட்டுல இருந்து எடுத்துட்டாங்களேன்னு நானும் ஒரு வாரம் அழுதேன்டா தம்பி." அப்பா அதுவரை அந்த அழுகையைக் கேள்விப்பட்டதே இல்லை.

திரும்பிப் போகும்போது என்னை ஓடைவரை கூட வரச் சொன்னீர்கள். அங்கேதான் பீட்டர் தங்கராஜைப் பற்றிச் சொன்னீர்கள். நான் அதுவரை கேள்விப்படாத பெயர். கோலாலம்பூர் மெர்டேக்கா போட்டிக்கு இந்திய அணி வந்து 1959-லும் 1964-லும் இரண்டாம் இடம் பிடித்தது. 1964-இல் நீங்கள் பயிற்சிக் கல்லூரி மாணவர், பஸ் ஏறிப் போய் ஸ்டேடியத்தில் உட்கார்ந்தீர்கள். பக்கத்து இருக்கைப் பெரியவர் ஒருவர் சொல்லித்தான் தங்கராஜின் கதையே உங்களுக்குத் தெரியவந்தது.

நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டன். அதுவும் தேயிலை மலை, நம் மலை மாதிரியே மூடுபனி, சரிவு, குளிர். மதராஸ் ரெஜிமெண்டின் மையம் அங்கே இருக்கிறது. 1935-இல் ஹைதராபாத்தில் பிறந்த தங்கராஜ் 1953-இல் பட்டாளத்தில் சேர்ந்து அந்த மையத்தின் அணிக்கு ஆட வந்தார். ஆரம்பத்தில் அவர் ஆடியது சென்டர் ஃபார்வர்ட். ஆறடிக்கு மேல் உயரம். கோல் அடிக்க வேண்டியவரைக் கோலைக் காக்கும் இடத்தில் நிறுத்தினார்கள். 1955-இல் மதராஸ் ரெஜிமெண்ட் டூரண்ட் கோப்பையை வென்றது, 1958-இல் மறுபடியும் வென்றது. அதே 1958-இல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று தங்கராஜுக்குப் பெயர் வந்தது. மெல்பர்ன், ரோம் என்று இரண்டு ஒலிம்பிக், 1962-இல் ஆசிய விளையாட்டுத் தங்கம், 1967-இல் அர்ஜுனா விருது.

"அவர முன்னாலயே வச்சிருந்தா என்னடா ஆயிருக்கும்?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லவில்லை. "ரெஜிமெண்ட்ல ஒரு நல்ல ஃபார்வர்டா இருந்துட்டுப் போயிருப்பாரு. யாரோ ஒருத்தர் உக்காந்து பாத்திருக்கணும்லடா."

சார், நான் கோல்கீப்பர் ஆகவில்லை, ஆசியாவில் யாருக்கும் என் பெயர் தெரியாது. ஆனால் அந்த "யாரோ ஒருத்தர்" என்ற சொல் இன்றுவரை என்னை விடவில்லை. தங்கராஜின் பெயர் ஏட்டில் இருக்கிறது. வெலிங்டன் மைதானத்தின் ஓரத்தில் நின்று அவருடைய கையையும் தாவலையும் முதலில் கவனித்தவருக்கு நான் இங்கிருந்தே கை கூப்புகிறேன்.

பின்னால் நின்று ஆடிய முதல் ஆட்டம் எனக்கு நிமிடம் நிமிடமாக ஞாபகம் இருக்கிறது. அடுத்த தோட்டத்து அணி. நம் பக்கம் பள்ளத்துக் கோல். ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே எனக்கு ஒன்று விளங்கியது. முன்னால் ஆடுபவன் எதிரிக் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பந்தை வாங்குகிறான். யார் வருகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. பின்னால் நிற்பவனுக்கு ஆட்டம் முழுக்க முகத்துக்கு நேரே விரிந்து கிடக்கிறது. ஏழு ஆட்டமாக என்னைப் பயமுறுத்திய ஆள் இப்போது என் கண்ணெதிரில்தான் ஓடிவர வேண்டும். பயம் போய்விட்டது. இடது காலால் நீளமாக உதைப்பது முன்னால் ஒன்றுக்கும் உதவாத திறமையாக இருந்தது. பின்னாலிருந்து உதைத்தால் அதே பந்து நம் விங்கின் காலில் போய் விழுந்தது. இடைவேளைக்குப் பிறகு மூடுபனி இறங்கியது. பாதித் திடல் மறைந்தது. நான் காலடிச் சத்தத்தைக் கேட்டு நின்ற இடங்களுக்கெல்லாம் பந்து வந்தது. ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது அந்த ஆட்டம். நாம் ஜெயிக்கவில்லை. ஆனால் நீங்கள் ஆலைக் கூரைக்கடியில் புத்தகத்தை மூடி சட்டைப் பையில் வைத்ததைப் பார்த்தேன்.

இன்னொன்றும் நீங்கள் செய்தீர்கள். பின்னால் போனவன் பின்னாலேயே கிடக்க வேண்டியதில்லை என்று சொல்லிவைத்தீர்கள். 1962 ஜகார்த்தா கதை அதற்குத்தான். இந்தியாவின் மையத் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. அந்தத் தலையோடு தடுப்பில் நின்று மோத முடியாது. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் அவரை உட்கார வைக்கவில்லை, முன்வரிசைக்கு அனுப்பினார். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஒரு கோல். செப்டம்பர் 4-ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவுக்கு எதிராக இன்னொரு கோல். இரண்டுக்கு ஒன்று, தங்கம். கோல் கம்பத்துக்கு நடுவே அன்று நின்றவர் தங்கராஜ். ஃபார்வர்டாகத் தொடங்கியவர் கோலைக் காக்க, தடுப்பாட்டக்காரர் கோல் அடிக்க, இந்தியா ஆசியாவையே வென்றது. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் உங்கள் குரல் தழுதழுக்கும்.

நான் பின்னால் ஆடத் தொடங்கிய அதே 1988 டிசம்பரில், நம் நாட்டுக் கோல்கீப்பர் "ஸ்பைடர்மேன்" ஆர். ஆறுமுகம் விபத்தில் இறந்துபோனார். லயத்தில் ரேடியோவைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் அன்று பயிற்சியை நிறுத்தவில்லை. கோல்கீப்பர் பையனை மட்டும் கூப்பிட்டு, அவனோடு நீங்களே ஒரு மணி நேரம் பந்து பிடித்து ஆடினீர்கள். அதையும் நான் மறக்கவில்லை.

இப்போது மகள் விஷயம். அதுதான் என்னை எழுத வைத்தது.

அவளுக்குப் பதின்மூன்று வயது. இங்கே பிள்ளைகள் ஆடுவது நாம் ஆடிய பந்து அல்ல, ஆஸ்திரேலியக் கால்பந்து. முட்டை வடிவப் பந்து, முட்டை வடிவ மைதானம், ஒவ்வொரு முனையிலும் நாலு கம்பம். நடு இரண்டு கம்பத்துக்குள் உதைத்தால் ஆறு புள்ளி, ஓரத்துக் கம்பத்துக்குள் போனால் ஒரு புள்ளி. ஒரு பக்கத்துக்குப் பதினெட்டு பேர். கையாலும் பந்தைக் குத்தி அனுப்பலாம். தூரத்திலிருந்து உதைத்து வரும் பந்தைத் தரையில் படாமல் பிடித்துவிட்டால் அதற்கு மார்க் என்று பெயர், பிடித்தவரை யாரும் தொடாமல் நின்று உதைக்க விட வேண்டும். 1850-களின் கடைசியில் இதே ஊரில் பிறந்த ஆட்டம். 1956-இல் தங்கராஜ் இருந்த இந்திய அணி இந்த ஊரில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று தோற்கடித்து நாலாம் இடத்துக்கு வந்ததே, அதே ஒலிம்பிக்கில் இந்த ஆட்டத்தையும் பெரிய கிரிக்கெட் மைதானத்தில் காட்சிக்காக ஆடிக் காட்டினார்கள். இதைத் தெரிந்துகொண்ட நாளில் உங்களைத்தான் நினைத்தேன்.

மகள் என்னைப் போலவே உயரம். அதனால் ஃபுல் ஃபார்வர்ட். கோலுக்கு நேரே நிற்கும் இடம். சீசன் பாதி போனது, ஒரு கோல் இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் காருக்குள் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் ராத்திரி அவள் அறைக்கு வெளியே நின்று கேட்டேன் சார், அந்த அழுகை எனக்குத் தெரிந்த அழுகை.

மறுநாள் கடைக்குப் போய் ஒரு சின்னப் புத்தகம் வாங்கினேன். பயிற்சியாளரிடம் மூன்று ஆட்டம் பொறுங்கள் என்று கேட்டேன். அவரும் ஒரு பிள்ளையின் அப்பாதான், நல்ல மனிதர், சரி என்றார். நான் பந்தைப் பார்க்கவில்லை. அவளை மட்டும் பார்த்தேன். பந்து மறு முனையில் இருக்கும்போது அவள் நடந்து நடந்து மைதானத்தின் நடுவரை வந்துவிடுகிறாள். எதிரி உதைக்கப்போகும் முன்பே அவள் தலை சரியான திசைக்குத் திரும்பிவிடுகிறது. தன் இடத்தை விட்டுவிட்டாள் என்று அவளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவளோ பந்து விழப்போகும் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். இந்த ஆட்டத்தில் ஆஃப்சைட் கிடையாது, யாரும் எங்கும் போகலாம். அதனாலேயே ஒரு பிள்ளையின் கால் தானாக எங்கே போகிறது என்று பார்ப்பது இங்கே இன்னும் முக்கியம். மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் புத்தகத்தைப் பயிற்சியாளரிடம் காட்டினேன். அவளைப் பின்வரிசையில், ஹாஃப் பேக்காகப் போட்டார்.

அவளிடம் நான் என்ன சொல்லியிருப்பேன்? கதைதான் சொன்னேன், உங்களைப் போல. ஆனால் அவளுக்குத் தெரிந்த கதை. காலிங்வுட் அணியின் டார்சி மூர். அப்பா பீட்டர் மூர் அதே அணியின் பெரிய ஆட்டக்காரர், பிரவுன்லோ பதக்கம் இரண்டு தடவை வாங்கியவர். மகன் 2015-இல் முன்வரிசையில் ஆடத் தொடங்கினார், சில வருடத்தில் பின்வரிசைக்கு மாறினார். பறந்து வரும் எதிரியின் பந்தை இடையில் புகுந்து பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் அரிது. 2023-இல் பிரிஸ்பேனை 4 புள்ளியில் வென்று காலிங்வுட் கோப்பையைத் தூக்கியபோது அணித்தலைவர் அவர்தான். ஜகார்த்தா கதைக்கும் இங்கே ஒரு ஜோடி உண்டு. 1984 இறுதி ஆட்டத்தில் கடைசிக் கால்பகுதிக்கு முன் எசென்டன் அணி 23 புள்ளி பின்தங்கியிருந்தது. பயிற்சியாளர் கெவின் ஷீடி பின்வரிசை ஆட்களை முன்னால் அனுப்பினார். 24 புள்ளியில் ஜெயித்தார்கள். முன்னால் போன பில்லி டக்வொர்த்துக்கு அன்றைய சிறந்த ஆட்டக்காரர் பதக்கம். நம் கால்பந்திலிருந்து நம்மவர் ஒருவரையும் அவளுக்குக் காட்டினேன். பஹாவ்காரர் எஸ். குணாளன், ஓட்டப்பந்தய வேகத்தோடு வந்து விங்கில் ஆடியவர், பிறகு ஜோகூரில் ரைட் பேக்.

புது இடத்தில் ஐந்து ஆட்டம் ஆடிவிட்டாள். இன்னும் கோல் அடிக்கவில்லை. அதைப் பற்றி யாரும் கேட்பதும் இல்லை. காருக்குள் இப்போது வாய் ஓய்வதில்லை.

சார், நான் படிக்கக் கோலாலம்பூர் போகும் நாளில் நீங்கள் 555 புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தீர்கள். இத்தனை வருடம் அதை மடிப்பு மாறாமல் வைத்திருக்கிறேன். போன வாரம் மகளிடம் எடுத்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிப்பது கொஞ்சம் கஷ்டம். நான் வாசித்தேன். "திரும்பிப் பார்த்தான், 11 தடவை. இடது கால் நீளம். ஆள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் பயம். ஆள் முன்னால் இருந்தால் பயம் இல்லை." கடைசி வரியை அவள் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு, "இதை எழுதினவரை நான் பாக்கணும்பா" என்றாள்.

டிசம்பர் விடுமுறையில் வருகிறோம். ஈப்போவிலிருந்து மலை ஏறி நேரே உங்கள் வீட்டுக்கு வருவோம். மறுநாள் மூன்று மணிக்கெல்லாம் திடலுக்குப் போய்விடுவோம், மூடுபனி இறங்குவதற்குள். அந்த முட்டை வடிவப் பந்தையும் கொண்டுவருகிறேன். அது தரையில் பட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்லவே முடியாது. அதனால் அவள் மேட்டுக் கோலில் நின்று உதைக்கட்டும், நாம் இரண்டு பேரும் பள்ளத்துப் பக்கம் நின்றுகொள்வோம்.

அன்புடன்,
உங்கள் பழைய ஐந்தாம் நம்பர்